நடுங்கியது எந்தக் கை?

போக்கர் மேசையில் எனக்கு எதிரே இருந்தவருடைய விரல்கள் நடுங்கின. சில்லுகளை அடுக்காகப் பிடித்து மேசை நடுவே நகர்த்தும்போது மேலிருந்த ஒன்று சரிந்து, உருண்டு, என் பக்கம் வந்து விழுந்தது. அதை எடுத்து அவரிடமே நீட்டினேன். நீட்டும்போதே முடிவு செய்துவிட்டேன்: இவரிடம் ஒன்றுமில்லை, பயந்துபோய்ப் பொய்ப் பந்தயம் வைக்கிறார்.

என்னிடம் டைமண்ட் ராஜாவும் டைமண்ட் ராணியும் இருந்தன. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் இஸ்பேடு ராஜா, இஸ்பேடு ஒன்பது, டைமண்ட் நான்கு, ஆர்ட்டின் இரண்டு, கடைசியாக விழுந்த இஸ்பேடு ஏழு. எனக்கு ராஜா ஜோடி. அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் நான் பந்தயம் வைத்தேன், அவர் அதே அளவு போட்டு உடன் வந்துகொண்டிருந்தார். ஏழு விழுந்ததும் முதல்முறையாக அவரே முந்திக்கொண்டு பெரிதாகத் தள்ளினார். நானும் அதே அளவு போடுவதாக 'கால்' என்றேன். அவர் இஸ்பேடு பத்தையும் எட்டையும் திருப்பி வைத்தார். ஐந்தும் இஸ்பேடு. ஃப்ளஷ்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பணம் வைக்காமல் வெறும் சில்லுகளுக்கு ஆடும் எங்கள் சிறு குழுவில் அதிகம் பேசாதவர் அவர்தான். வென்றதைத் திரட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ என் கையைத்தான் பார்த்தாய். நான் என்ன செய்துகொண்டு வந்தேன் என்று பார்க்கவே இல்லை."

சீட்டாடும்போது கை என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு. விரல்கள் உள்ள கை நடுங்கியது உண்மைதான். அதில் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. நான் தவறான கையைப் படித்திருந்தேன். அப்படிப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா.

போக்கரின் விதிகளை நண்பர்கள் சொல்லித்தந்தார்கள். ஆனால் அதன் மீது ஆசை பிறந்தது திரைப்படங்களைப் பார்த்துத்தான். எல்லாப் படத்திலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். எதிரே இருப்பவனின் முகம் திரையை நிறைக்கும். ஒரு கண் சிமிட்டல், தொண்டை அசைவு, மோதிரத்தைத் தொடும் விரல். கதாநாயகன் அதைக் கவனித்துவிடுவான், ஆட்டம் முடிந்துவிடும். போக்கர்காரர்கள் 'டெல்' என்று சொல்வது இதைத்தான். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதை நம்பத் தனியாகக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று இரவு அந்தப் படங்களையெல்லாம் மறுபடி பார்ப்பது என்று தீர்மானித்தேன். இம்முறை முகங்களை விட்டுவிட்டு, யார் எப்போது எவ்வளவு வைக்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தாளிலிருந்து வந்ததுதான்.

முதலில் எடுத்தது 1998-இல் வந்த 'ரவுண்டர்ஸ்'. அதில் ஜான் மால்கோவிச் நடித்த டெடி கேஜிபி என்னும் பாத்திரம் ஓரியோ பிஸ்கட்டைக் காதருகே வைத்துப் பிரிப்பார். மாட் டேமன் நடித்த மைக், அந்த பிஸ்கட்டை அவர் எப்போது வாயில் போடுகிறார் என்பதிலிருந்து அவருடைய பலத்தைக் கண்டுபிடித்துவிடுவான். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் நினைவிருப்பது இந்த பிஸ்கட்தான். எனக்கும் அப்படித்தான். தாளும் பேனாவுமாகப் பார்த்தபோது அதே படத்தின் வேறொரு காட்சி என்னைப் பிடித்து நிறுத்தியது.

நீதிபதிகளும் பேராசிரியர்களும் ஆடும் ஒரு மேசைக்கு மைக் வருகிறான். அவன் சட்ட மாணவன், ஆட வரவில்லை. நின்றபடியே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரிடமும் என்ன சீட்டு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். முதல்முறை பார்த்தபோது இது மந்திரம் போல இருந்தது. முகத்தைப் பார்த்தே சொல்கிறான் என்று நினைத்தேன். மறுபடி கேட்டால் அவன் சொல்வது வேறு. இவருக்கு மூன்றாவது மூன்று வேண்டும், ஆனால் அந்தச் சீட்டை இன்னொருவர் முன்பே கையை விட்டு விலகி மடித்துப் போட்டுவிட்டார், அதை மறந்துவிட்டு அது தன்னிடம் இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறார் என்கிறான். அது திறந்த சீட்டுகள் மேசையில் தெரியும் ஸ்டட் வகை ஆட்டம். எந்தச் சீட்டு வெளியே போய்விட்டது, அதன் பிறகு யார் பந்தயம் வைத்தார் என்பதை நினைவில் வைத்திருந்தால் முகமே தேவையில்லை. அந்தக் காட்சி முழுக்க நினைவாற்றலும் கணக்கும். நான்தான் அதில் மந்திரத்தைப் பார்த்திருக்கிறேன்.

பிஸ்கட் காட்சியிலும் நான் தவறவிட்ட ஒன்று இருந்தது. குறிப்பைக் கண்டுபிடித்த மைக், தன் நல்ல கையைத் திறந்து காட்டிவிட்டு மடிக்கிறான். அதாவது, உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எதிரியிடமே சொல்லிவிடுகிறான். டெடி கொதித்துப்போகிறார். வழக்கமாக இருந்தால் இதை வெளியே விடாமல் வைத்திருந்து அவரை மொட்டையடித்திருப்பேன், இப்போது அவகாசம் இல்லை என்று மைக் காரணமும் சொல்கிறான். ஒரு ரகசியத்தைப் பல சுற்றுகளுக்குச் சேமித்து வைப்பதா, உடைத்து எதிரியின் நிதானத்தைக் கெடுப்பதா? அவன் இரண்டின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உடைத்தான். பிஸ்கட்டைவிட எனக்கு இந்த ஒப்பீடு பெரிய பாடமாகத் தெரிகிறது.

அதே படத்தில் 1988 உலகப் போக்கர் தொடரின் இறுதிக் கையின் பதிவை மைக் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பான். அது நிஜமான பதிவு. ஜானி சானிடம் ஜாக்கியும் ஒன்பதும். எரிக் சைடலிடம் ராணியும் ஏழும். முதல் மூன்று சீட்டுகளாக ராணி, பத்து, எட்டு விழுந்தன. சானுக்கு எட்டிலிருந்து ராணி வரை ஐந்தும் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. சைடலுக்கு ராணி ஜோடி; அதுவும் நல்ல கைதான். சான் தன் பலத்தைக் காட்டாமல் பதுங்கினார். கடைசிச் சீட்டு விழுந்த பிறகும் பந்தயம் எதுவும் வைக்காமல் 'செக்' என்றார். சைடல் இருந்த அனைத்தையும் முன்னே தள்ளினார், ஆட்டம் முடிந்தது. படத்தின் கடைசியில் மைக்கும் இதையேதான் செய்கிறான். கையில் முழு வரிசையை வைத்துக்கொண்டு, எதிரி தானாக வந்து விழும்வரை காத்திருக்கிறான். திரையில் இது ஒரு நிமிடம்தான். மேசையில் உட்கார்ந்து மிகச் சிறந்த கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்து பார்த்தால்தான் அந்த ஒரு நிமிடத்தின் கனம் தெரியும்.

இங்கே என் அக்காவின் விரல்களுக்குத் திரும்புகிறேன். மைக் கேரோ என்னும் ஆட்டக்காரர் 1984-இலேயே இந்த உடல்மொழியை விரிவாக எழுதிவிட்டார். அவருடைய அடிப்படைக் கருத்து எளிமையானது: பலம் இல்லாதவர் பலம் இருப்பதாக நடிப்பார், பலம் உள்ளவர் இல்லாததுபோல் நடிப்பார். கை நடுக்கத்தைப் பற்றி அவர் சொல்வது நான் நம்பியிருந்ததற்கு நேர் எதிர். பொய்ப் பந்தயம் வைப்பவர் உடலை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருக்கப் பார்ப்பார். திடீரென்று விரல் நடுங்கினால் அது பெரும்பாலும் பெரிய கை கிடைத்த பரபரப்பு. சினிமாவில் நடுக்கம் என்றால் பயம். ஒரு நடிகர் பார்வையாளருக்குப் புரிய வேண்டிய உணர்ச்சியை நடிக்கிறார். மேசையில் எதிரே இருப்பவர் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எதையும் செய்வதில்லை.

2006-இல் வந்த 'கேசினோ ராயல்' இதைப் புரிந்துகொண்ட படம். 1953-இல் வெளியான மூல நாவலில் உளவாளி ஜேம்ஸ் பாண்டும் வில்லன் லெ ஷிஃபரும் ஆடுவது பக்கரா என்னும் வேறொரு சீட்டாட்டம். படத்தில் அதை, நாங்கள் ஆடும் அதே போக்கர் வகையான ஹோல்டெம் ஆக்கினார்கள். கதைக்கு அது பெரும் பலம், ஏனென்றால் பக்கராவில் எதிரியை ஏமாற்ற இடம் குறைவு. லெ ஷிஃபர் பொய் சொல்லும்போது அவரிடம் தெரியும் ஒரு குறிப்பை பாண்ட் கண்டுபிடிக்கிறார். தான் கண்டுபிடிக்கப்பட்டது லெ ஷிஃபருக்குத் தெரிந்துபோகிறது. அடுத்த பெரிய கையில் அதே குறிப்பை வேண்டுமென்றே காட்டுகிறார். பாண்ட் நம்பி எல்லாவற்றையும் இழக்கிறார். டெல் என்பதன் மேல் கட்டப்பட்ட நம்பிக்கையை டெல்லாலேயே உடைக்கும் இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதே படத்தின் இறுதிக் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நான்கு பேர் எல்லாவற்றையும் வைக்கிறார்கள். ஒருவரிடம் ஃப்ளஷ், இருவரிடம் ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு), பாண்டிடம் அவற்றை வெல்லும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து). யாரும் எந்த முடிவும் எடுக்கத் தேவையில்லாத கை அது. அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் அதே முடிவுதான்.

இதைவிட ஆழமாக என்னைத் தொட்ட தோல்வி 1965-இல் வந்த 'தி சின்சினாட்டி கிட்' படத்தில் இருக்கிறது. ஸ்டீவ் மெக்வீன் நடித்த இளைஞன், எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த முதிய ஆட்டக்காரரோடு ஐந்து சீட்டு ஸ்டட் ஆடுகிறான். கடைசிக் கையில் அவனிடம் மூன்று ஏஸ், இரண்டு பத்து. பெரியவர் மூடியிருந்த ஒற்றைச் சீட்டைத் திருப்புகிறார். டைமண்ட் ஜாக்கி, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். ஐந்து சீட்டில் ஃபுல் ஹவுஸ் அமைவது ஏறக்குறைய 694 கைகளுக்கு ஒருமுறை. ராயல் (பத்திலிருந்து ஏஸ் வரை) அல்லாத ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 72,193 கைகளுக்கு ஒருமுறை. இவனிடம் அது, அவரிடம் இது என்று ஒரே நேரத்தில் நிகழ்வதற்கான வாய்ப்பு தோராயமாக ஐந்து கோடியில் ஒன்று. இளைஞன் தோற்றான். எங்கே தவறு செய்தான் என்று தேடினேன். அந்தக் கையில், எல்லாம் அவனுக்குச் சாதகமாக இருந்த கடைசிக் கட்டத்தில், குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பெரியவர்தான் அதுவரை வரக்கூடாத கையோடு பணம் கொடுத்துக்கொண்டே வந்தார். பார்வையாளரின் மனம் தோற்றவனிடம் குறையைத் தேடும். முடிவு எப்படி வந்தது என்பதையும் முடிவெடுத்தது சரியா என்பதையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆட்டத்தில் மிகக் கடினமான வேலை. எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

என் கையை அப்படிப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் 'கால்' சொன்னதுதான் தவறு என்று முதலில் நினைத்திருந்தேன். குறித்து வைத்துப் பார்த்தால் உண்மையான தவறு ஒரு சுற்று முன்பே நடந்திருக்கிறது. நான்காவது சீட்டாக ஆர்ட்டின் இரண்டு விழுந்தபோது நடுவே 100 சில்லுகள் இருந்தன. நான் வைத்தது வெறும் 20. மேசையில் இரண்டு இஸ்பேடு, அவர் கையில் இரண்டு. அவர் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் மீதமுள்ள இஸ்பேடு 9. ஃப்ளஷ் அமைய ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவான வாய்ப்பு. நான் கேட்ட விலை என்ன? 20 போட்டு, என் 20-உம் அவர் 20-உம் சேர்ந்து மொத்தம் 140 ஆகும் குவியலுக்கு ஆசைப்படலாம். அதாவது ஏழில் ஒருமுறை வந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். ஏழில் ஒன்றுக்குக் கட்டுப்படியாகும் விலையில், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வாய்ப்பை அவருக்கு விற்றுவிட்டேன். அவர் உடன் வந்தது முழுக்கச் சரி. நான் 50 வைத்திருந்தால் நான்கில் ஒருமுறையாவது வர வேண்டும், அந்தச் சீட்டை நம்பி மட்டும் வருவது அவருக்கு நஷ்டம். இந்தக் கணக்கை எந்தப் படமும் காட்டாது. காட்டவும் முடியாது. நான்காவது சீட்டில் வைக்கப்படும் பந்தயத்தின் அளவை எந்தக் கேமராவால் நெருங்கிப் படம் பிடிக்க முடியும்?

பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். இரண்டு இஸ்பேடு கிடக்கும்போது அமைதியாக உடன் வருகிறார். சம்பந்தமில்லாத சீட்டு விழுகிறது, மறுபடி உடன் வருகிறார். மூன்றாவது இஸ்பேடு விழுந்த கணத்தில் விழித்துக்கொண்டு பெரிதாக வைக்கிறார். இது ஒரு கதை. தொடக்கம், நடு, முடிவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் கதை. அவர் சொன்ன "நான் என்ன செய்துகொண்டு வந்தேன்" என்பது இதுதான்.

இங்கேதான் எனக்குச் சினிமாவின் மீது மறுபடி மரியாதை வந்தது. திரைக்கதை எழுதுபவர் செய்வதும் இதுவே. மூன்றாம் காட்சியில் ஒருவன் செய்தது ஐந்தாம் காட்சியில் செய்வதோடு பொருந்தவில்லை என்றால் பார்ப்பவர் நம்பமாட்டார். பிளஃப் என்னும் பொய்ப் பந்தயமும் கடைசியில் திடீரென்று சொல்லும் பொய்யாக இருந்தால் எடுபடாது. முதல் சீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்த கதையின் கடைசி வரியாக அது இருக்க வேண்டும். படங்களிலிருந்து போக்கர் கற்க வேண்டுமானால் நடிகரைவிட எழுத்தாளரைப் பின்தொடர்வதே பலன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படிப்பட்ட கதைக்கு நிஜத்திலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 2003 உலகப் போக்கர் தொடரின் இறுதிக் கட்டம். கிரிஸ் மணிமேக்கர் ஒரு கணக்காளர், இணையத் தகுதிச் சுற்று மூலம் வந்தவர். எதிரே சாமி ஃபார்ஹா, பழம்பெரும் ஆட்டக்காரர். மணிமேக்கரிடம் இஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். ஃபார்ஹாவிடம் இஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். மேசையில் இஸ்பேடு ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேடு ஆறு, பிறகு இஸ்பேடு எட்டு. மணிமேக்கருக்கு இன்னும் எதுவும் சேரவில்லை, ஆனால் ஃப்ளஷுக்கும் வரிசைக்கும் ஒரே ஒரு சீட்டுத்தான் குறை. அங்கேயே ஃபார்ஹாவின் பந்தயத்தை உயர்த்துகிறார். கடைசியாக ஆர்ட்டின் மூன்று விழுகிறது. ஒன்றும் வரவில்லை. ராஜாவை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளுகிறார். ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று ஃபார்ஹா வாய்விட்டே கேட்கிறார். சரியான ஊகம்! அப்படியும் ஒன்பது ஜோடியை மடித்துவிடுகிறார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மணிமேக்கர் அசையவே இல்லை. மூன்று இஸ்பேடு விழுந்த இடத்தில் உயர்த்தியவர் கடைசியிலும் அதே திசையில் போகிறார் என்பதால் கதை கோர்வையாக இருந்தது. ஃபார்ஹாவின் ஊகம் அந்தக் கோர்வையிடம் தோற்றது. மணிமேக்கர் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். அந்த ஆண்டு 839 பேர் ஆடிய அதே போட்டியில் மறு ஆண்டு 2,576 பேர் ஆடினார்கள்.

ராஜா மட்டும் இருக்கும் கையோடு பொய் சொல்வது துணிச்சலா, கணக்கா? கணிதவியலாளர் ஜான் வான் நியூமன், விளையாட்டுக் கோட்பாட்டுக்கு 1928-இல் அடித்தளம் போட்டவர், போக்கரை எளிமையாக்கி ஆராய்ந்து பார்த்தார். அவருடைய மாதிரியில் பந்தயம் வைக்க வேண்டியது மிகச் சிறந்த கைகளோடும் மிக மோசமான கைகளோடும்தான். நடுத்தரமான கையோடு அமைதியாக இருக்க வேண்டும். நடுத்தரக் கைக்குத் தானாகவே வெல்லும் வாய்ப்புக் கொஞ்சம் உண்டு, அதைப் பொய்யாக மாற்றி வீணாக்கக்கூடாது. ஒன்றுமில்லாத கைக்குப் பொய்யைத் தவிர வேறு வழி கிடையாது. 2017-இல் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. அதற்குப் பார்க்கக் கண் இல்லை, படிக்கக் கொடுக்க முகமும் இல்லை. ஆனால் பொய்ப் பந்தயம் வைத்தது.

அப்படியானால் மனம் என்று ஒன்று இந்த ஆட்டத்தில் இல்லையா? இருக்கிறது. அதை நான் எதிரியிடம் தேடிக்கொண்டிருந்தேன், அது என்னிடம் இருந்தது. 2017-இல் வந்த 'மோலிஸ் கேம்' படத்தில் நிதானமாக, ஒழுங்காக ஆடும் ஒருவர் வருவார். மேசையிலேயே மோசமான ஆட்டக்காரரிடம் ஒரு கையை இழக்கிறார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் வேறு மனிதர். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று துரத்தத் துரத்த, விடியும்போது எல்லாம் போயிருக்கும். ஆட்டக்காரர்கள் இதை 'டில்ட்' என்பார்கள். நான் பார்த்த படங்களிலேயே போக்கரின் உளவியலை மிக நேர்மையாகச் சொன்ன காட்சி இதுதான். கெட்டிக்காரரிடம் தோற்றால் மனம் ஏற்றுக்கொள்கிறது. ஆடத் தெரியாதவரிடம் தோற்றால் ஏற்பதில்லை. அந்த ஏற்காமைதான் ஆளைச் சாய்க்கிறது. நானும் அந்த ஃப்ளஷுக்குப் பிறகு அடுத்த ஏழெட்டுக் கைகளில் மடிக்கவே இல்லை. தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து அதே அக்காவோடு கிட்டத்தட்ட அதே போன்ற ஒரு கை வந்தது. எனக்கு ஏஸ் ஜோடி. மேசையில் இரண்டு கிளாவர். நான்காவது சீட்டில் இம்முறை குவியலில் முக்கால் பங்கு வைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உடன் வந்தார். ஐந்தாவதாக மூன்றாம் கிளாவர் விழுந்தது. அவர் சில்லுகளை முன்னே நகர்த்தினார். விரல்கள் நடுங்கவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் முகத்தை விட்டுவிட்டுத் தொடக்கத்திலிருந்து கதையை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் சுற்றில் என்ன செய்தார், இரண்டாவதில் எவ்வளவு நேரம் எடுத்தார், இப்போது ஏன் இந்த அளவு? எங்கும் ஓட்டை தெரியவில்லை. ஏஸ்களைக் கவிழ்த்துப் போட்டு மடித்தேன்.

படமாக இருந்தால் இந்த இடத்தில் கேமரா மேசைக்கு அந்தப் பக்கம் போய், அவர் சீட்டுகளின் மூலையை நமக்கு மட்டும் தூக்கிக் காட்டியிருக்கும். அக்கா அவற்றைக் கவிழ்த்தபடியே கட்டோடு சேர்த்துக் கலைக்கத் தொடங்கினார்.

"என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"உன் முறை, சீட்டைப் போடு" என்றார்.